குட்டிக்கோசு காய்க்காத வருசம்

கோசு என்று முடிகிற எந்தக் காயும் எனக்கு ஆகாது. கல்யாணப் பந்தியில் முட்டைக்கோசுப் பொரியல் வைக்க வருகிறவரை இரண்டு கையையும் நீட்டி மறித்துவிடுவேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்று பக்கத்து இலைக்காரர்கள் விசாரிப்பார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். நான் ஐந்தாவது படித்த வருசம் ஒரு செடி எங்கள் வீட்டையே பிடித்து ஆட்டிவைத்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஆண்பிள்ளை என்று பிறந்தவர் ஒன்று லாரியில் இருப்பார், இல்லையென்றால் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் இருப்பார். அப்பா ரிக் வண்டி ஓட்டினார். ஆயுதபூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினால், வாயில் நுழையாத வடநாட்டு ஊர்களிலெல்லாம் போர் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் மழை இறங்கி வேலை நின்ற பிறகுதான் வீட்டு நினைப்பு வரும். அப்பா வீட்டில் இருக்கிற அந்த மழை மாதங்கள்தான் எனக்கு நோம்பி. தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் வீட்டில் இருக்கிற அப்பாவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், ரோட்டில் ஒரு வண்டி ஆரன் அடித்தால் கை அப்படியே நின்றுவிடும். யார் வண்டி, எங்கே போகிறது, கியர் எப்படிப் போடுகிறான் என்று அவரே சொல்லி அவரே கேட்டுக்கொள்வார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏனுங்க, அந்த வண்டிய உட்டு எறங்குனா என்ன? இருக்கற காட்டைப் பாத்துட்டு ஊட்டோட இருக்கலாமல்ல?" என்பாள். ஒவ்வொரு வருசமும் இதே பேச்சுதான். அப்பாவும் ஒவ்வொரு வருசமும் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

அந்த வருசம் போகவில்லை. பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். வடக்கே ஏதோ மலைப்பக்கத்தில் போர் போடப் போன இடத்தில், தோட்டக்காரர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடாம். தட்டில் நெல்லிக்காய் அளவுக்கு முழுசு முழுசாக முட்டைக்கோசு இருந்ததாம். அப்படி ஒரு ருசியை அவர் ஆயுசில் கண்டதில்லையாம். பெரிய ஓட்டல்காரர்களெல்லாம் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போகிறார்களாம். அதன் விதைதான் இது. இருட்டின பிறகு போய்ச் சாப்பிட்டவர், விடிவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். அந்தச் செடி எப்படி இருக்கும் என்று பார்க்கவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அப்பாவின் காரியமெல்லாம் அந்த லட்சணம்தான்.

"இது நம்ம மண்ணுல வந்துச்சுன்னு வையி, ரிக்குக்குப் பெரிய கும்பிடு. அரை ஏக்கரா இதையே போட்டுட்டு இங்கியே இருந்துக்கறேன்" என்றார் அப்பா. நானும் பெரியப்பாவும் பக்கத்தில்தான் இருந்தோம். அம்மா அந்தப் பொட்டலத்தை வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். போதாதா? அன்றைக்கே அந்தக் குட்டிக்கோசு எங்கள் குலதெய்வம் ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பின்புறத்தை எங்கள் பக்கம் பொடக்காளி என்போம். அங்கேதான் அம்மாவின் காய்கறித் தோட்டம். உடைந்த பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணும் மக்கின எருவும் கலந்து விதையைத் தூவினாள். கடுகு மாதிரி இருந்தது. பெரியப்பா உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "உன்னைய ஏமாத்திக் கடுகைக் குடுத்துட்டான்டா" என்று அப்பாவிடம் சொன்னார். ஆனால் முளைத்தது. முளைத்த நாளிலிருந்து என் நிம்மதி போனது. கோழி கிளறாமல் பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் கீற்றுத் தட்டியை நகர்த்த வேண்டும், மழை அடித்தால் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "அம்மிணி, ஓடு!"

நாற்று நாலு இலை விட்டு நின்றபோது ஆயுதபூஜை வந்துவிட்டது. அப்பா கிளம்பினார். "காச்சதும் ஒரு போன் போடுங்க, அடுத்த வண்டி புடிச்சு வாரேன்" என்று சிரித்தபடியே ஏறினார். எனக்கு அது போதும். எப்போது காய்க்கும், எப்போது காய்க்கும் என்று அதன் பிறகு நான் அரித்த அரிப்பில் அம்மா இரண்டு தடவை கரண்டியைத் தூக்கினாள்.

அம்மா நாற்றைப் பிடுங்கி வரிசையாக நட்டாள். தூருக்கு மண் அணைத்தாள், சாம்பல் தூவினாள், வேப்பம் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் சூடாக இருக்குமோ என்று கை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றினாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படித் தொட்டுப் பார்த்தாளா என்று சந்தேகம்தான். பள்ளிக்கூடம் போவதற்கு முன் இலை இலையாகத் திருப்பிப் பச்சைப் புழுவைப் பொறுக்குவது என் வேலை. அந்த நாற்றம் கையோடு வகுப்புக்கு வரும். பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

செடி என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது. என் இடுப்பு உயரத்துக்குத் தண்டு, அதைச் சுற்றி முறம் முறமாக இலை. கோசை மட்டும் காணோம். முட்டைக்கோசு என்றால் நடு உச்சியில்தானே கட்டும்? அம்மா தினமும் உச்சியை விரித்து விரித்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது.

இந்த இடத்தில்தான் பெரியப்பா உள்ளே வந்தார். அடுத்த வீடுதான். இளவயசில் புகையிலை போட்டுப் பேர் வாங்கினவர். அந்தப் பயிர் போய் எத்தனையோ காலம் ஆகியும் பேச்சு போகவில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற வழியில் ஒருநாள் எட்டிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கண்ணுங்கிண்ணும் தெரியுதா இல்லையா? ஒவ்வொரு எலைக் கக்கத்துலயும் பக்கத் துளிரு கெளம்பி நிக்குது பாரு. இதைய உட்டுப்போட்டா உச்சியில என்னத்தக் கட்டும்? சத்தெல்லாம் இதே தின்னுபோடுமே!"

பார்த்தால் உண்மைதான். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் குட்டிக் குட்டியாகத் துளிர் முட்டிக்கொண்டிருந்தது. புகையிலைக்காரர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. பக்கத் துளிரை ஒடித்தால்தான் புகையிலை இலை கனக்கும். பெரியப்பா பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலால் டப் டப்பென்று ஒடித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து தினமும் வந்தார். மழையோ பனியோ, மனுசர் ஒருநாள் தப்பவில்லை. இந்த ஒழுங்கைத் தன் காட்டில் காட்டியிருந்தால் பெரியம்மா சந்தோஷப்பட்டிருப்பார். அப்புறம் கண்ணேறு படாமல் இருக்க ஒரு பழைய செருப்பை வேறு கட்டித் தொங்கவிட்டார்.

ஒடித்துப் போட்டதை எருமைக்குப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. அப்பா கொண்டுவந்த விதையில் விளைந்தது இல்லையா? பொறுக்கிக் கழுவி, வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துப் பொரியல் பண்ணினாள். கசப்பு. எங்கள் தலையெழுத்து, மார்கழி முழுக்க அந்தப் பொரியல்தான். "காய்தான் காய்க்கலை, தழையவாச்சும் தின்னு" என்று அம்மா தட்டில் தள்ளுவாள். அப்பா வாரம் ஒருமுறை போனில், "காச்சுதா?" என்பார். "இன்னும் இல்லீங்க" என்பாள் அம்மா. அந்த "இல்லீங்க" வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே போனது. செடியைப் போய் நாலு திட்டுத் திட்டிவிட்டு வருவேன்.

நடுவில் பெரியப்பா மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனார். அந்த நாட்களில் ஒடிக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு அரிசி இடிக்கிறது, வீடு வெள்ளை அடிக்கிறது என்று பொங்கல் வேலை தலைக்குமேல் இருந்தது. பெரியப்பா திரும்பி வந்து பார்த்தபோது ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கைத் தாண்டி உருண்டு நின்றது. "நாலு நா ஊர்ல இல்லையின்னா இந்தக் கதியா?" என்று எங்கள் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஒன்று விடாமல் ஒடித்துத் தள்ளினார். ஒரு கூடை இருந்தது. மறுநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் அப்பா பொங்கலுக்கு வந்து இறங்கினார்.

நான் போட்ட ஆட்டத்தைக் கேட்கவே வேண்டாம். மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அந்தப் பாழாய்ப்போன பொரியலையும் வைத்தாள். இன்றைக்குமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா ஒரு துளிரை எடுத்து வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. இன்னொன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த அடுக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"இது ஏது?"

அம்மா வாய் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "எல்லாம் உன்ற செடியோட பக்கத் துளிருதான். அதைய உட்டா தலை கட்டுமா? தெனமும் வந்து நாந்தான் ஒடிச்சு உடறேன்."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சட்டென்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அது பாதியில் புரையேறி இருமலாகிவிட்டது. பெரியப்பா முதுகில் தட்டினார், அம்மா தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வையி" என்றார். வைத்ததெல்லாம் சாப்பிட்டார். வடநாட்டில் சரியான சாப்பாடே கிடைப்பதில்லை போலிருக்கிறது, பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கை கழுவினதும் பொடக்காளிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தண்டெல்லாம் மொட்டையாகி, உச்சியில் மட்டும் குடுமியோடு செடிகள் நின்றன. "ஏம்ப்பா காய்க்கலை?" என்று கேட்டேன். அப்பா குனிந்து, துளிர் ஒடித்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார். ரோட்டில் ஏதோ வண்டி ஆரன் அடித்தது. "நம்ம மண்ணுக்கு ஆவாது சாமி. சூடு ஒத்துக்கலை" என்று என் தலையைத் தடவிவிட்டார்.

சாயங்காலம் அம்மாவிடமும் அதையே சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியப்பா. அவர் எப்பவும் சொல்லவில்லை. அம்மா பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் அப்பா ரிக்குக்குப் போய்விட்டார். நான் பஸ் போன திசையைப் பார்த்து ஊரைக் கூட்டி அழுதேன்.

போன வருசம் பெங்களூரில் ஒரு பெரிய கடையில் அந்தச் செடியைத் தண்டோடு வைத்திருந்தார்கள். பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்று எழுதியிருந்தது. உச்சியில் ஒன்றுமே இல்லை. தண்டைச் சுற்றி, ஒவ்வொரு இலை இருந்த இடத்திலும், உருண்டை உருண்டையாகக் குட்டிக்கோசு. பெரியப்பா தினமும் ஒடித்த அதே துளிர். அட கடவுளே, காய்க்கவா இல்லை? காய்த்துத் தள்ளியிருக்கிறது! காயை ஒடித்துத் தின்றுகொண்டே காய்க்கவில்லையே என்று அழுத குடும்பம் எங்கள் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் நகத்தால் பிளந்து பார்த்த அப்பாவின் கை ஞாபகம் வந்தது. சிரிப்பு போய்விட்டது. அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அண்ணன் மனசு நோகக் கூடாது என்று மறைத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். முட்டி போன பிறகு ரிக்குக்காரர்கள் சேர்க்கவில்லை. நான் கடையில் நின்றுகொண்டு கத்தின கத்தலுக்கு அம்மா சத்தமில்லாமல், "தெரியுஞ்சாமி" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"ஒண்ணப் பிச்சுப் பாத்துச் சிரிச்சாரல்ல, அப்ப."

"அப்பறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா இருந்திருப்பாரு. சொன்ன சொல்லுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு, ரோட்டையே பாத்துட்டு இருந்திருப்பாரு. அந்த மூஞ்சிய ஆரு பாக்கறது?" என்றாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு அப்பா பஸ் ஏறிய மறுநாள் காலையில் அம்மா பொடக்காளியில் நின்று அத்தனை செடியையும் வேரோடு பிடுங்கினாள். குடுமிக்குக் கீழே புதுசாக நாலைந்து துளிர் வந்திருந்தது. ஒன்றை மட்டும் கிள்ளி நகத்தால் பிளந்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதையும் சேர்த்து எருமைக்குப் போட்டாள். காய்க்காத செடி மேல் கோபம் என்று நினைத்தேன். எனக்கும் அதே கோபம்தான். அதனால் பெரிய தண்டாகப் பார்த்து நானும் இரண்டைப் பிடுங்கிக் கொடுத்தேன். அப்பாடா, இனி அந்தப் பொரியல் இல்லை என்று துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.