பட்டியலில் ஏறாத கிழங்கு

பட்டணத்து ஆஸ்பத்திரியின் பிரெஞ்சு டாக்டர் பாகூர்ப் பக்கத்து விஷச்செடிகளுக்குப் பட்டியல் கேட்டபோது, பள்ளிக்கூட வாத்தியாரான என்னைத்தான் கைகாட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு செடியையும் பூவோடு உலர்த்தித் தாளில் ஒட்டினேன். அதன் கீழே லத்தீன் பெயர், அடுத்தது பிரெஞ்சு, கடைசியில் தமிழ். முதல் இரண்டும் டாக்டர் கொடுத்த புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. தமிழ் மட்டும் என் பொறுப்பு.

அங்கேதான் என் மேதாவித்தனம் புகுந்தது. வேலியில் படரும் அந்தச் சிவப்புப் பூங்கொடியை ஊரில் கலப்பைக் கிழங்கு என்பார்கள், சிலர் கண்ணுவலிக் கிழங்கு என்பார்கள். லத்தீனில் குளோரியோசா சுப்பர்பா, பிரெஞ்சில் மலபார் லில்லி. இத்தனை கம்பீரத்துக்குக் கீழே கலப்பையையும் கண்வலியையும் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. தமிழை வெள்ளைக்காரன் மட்டமாக நினைத்துவிடுவானே! சங்கப் பாட்டில் வரும் 'செங்காந்தள்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். மற்றச் செடிகளுக்கும் இதே கதைதான். பட்டியலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் உச்சிவேளையில், பக்கத்து வீட்டு அம்மாள் பள்ளிக்கூட வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"வண்டிக்காரன் பொண்டாட்டி கலப்பக் கெழங்க காட்டு வள்ளின்னு அவிச்சித் துன்னுட்டா வாத்தியாரே! ஒரே வாந்தி. காத்தாலயே வண்டி கட்டி டவுனு ஆஸ்பத்திரிக்கி இட்னு போயிட்டான்."

அந்தப் பெண் பட்டணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எந்தக் கிழங்கு எதுவென்று அவளுக்கு எங்கே தெரியும்? வண்டிக்காரன் கலப்பைக் கிழங்கு என்பான். கம்பவுண்டர் என் பட்டியலைப் புரட்டுவார். அதில் கலப்பையும் இருக்காது, கிழங்கும் இருக்காது.

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் மழைச் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரும் பட்டணமும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தாலும், நடுவில் ஒரு துண்டு நிலம் இங்கிலீஷ்காரன் எல்லை. சுங்கச்சாவடிச் சேவகன் என் பையை உதறி உதறிப் பார்த்தான்.

"ஒரு உயிரு போவுதுய்யா!" என்று கத்தினேன். அதற்காகவே இன்னும் நிதானமாகப் பார்த்தான். ஏட்டுச் சுரைக்காய், ஏட்டுச் சுரைக்காய் என்று மிதிக்கு மிதி என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வண்டிக்காரன் குந்தியிருந்தான். அவன் காலடியில், வேரோடும் பூவோடும் பிடுங்கிய ஒரு கொடி கிடந்தது.

"இன்னா ஆச்சு?"

"வயித்தக் கழுவிட்டாங்க ஐயா. பொயச்சிக்குவான்னு டாக்டரு சொல்றாரு."

கம்பவுண்டர் அந்தக் கொடியை வாங்கி, என் தாளில் ஒட்டியிருந்த காய்ந்த பூவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கொடிய எடுத்துக்கினு வரணும்னு எப்பிடிடா தோணிச்சி?" என்று கேட்டேன்.

அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மழை வரும், வெயில் வரும் என்பதுபோல வெகு சாதாரணமாகச் சொன்னான்.

"நாங்க சொல்ற பேரு உங்க எழுத்துல எங்க ஐயா இருக்கப் போவுது? அதான் கொடியவே புடுங்கினு வந்தன்."