இரண்டு நாட்டுத் திறந்தவெளிக் கச்சேரியும் ஆறு ஜமக்காளமும்

"இங்கிலாந்துல நீ என்னத்தப் பாத்தியோ எனக்குத் தெரியாது. ஆனா வெட்டவெளியில கச்சேரி நடத்துறதெல்லாம் உன்னால ஆகுமாம்மா?"

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அங்கிள் இப்படிக் கேட்டது நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில், அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில். கேட்ட கையோடு சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவமதிப்பையும் உபசாரத்தையும் ஒரே மூச்சில் செய்துவிடுவது அவருடைய தனித்திறமை.

நான் சொன்னது பெரிய விஷயமில்லை. சங்கத்தின் கோடை இசை விழாவைப் பள்ளிக்கூட ஆடிட்டோரியத்திலிருந்து பூங்காவுக்கு மாற்றுவோம், அதை நான் பொறுப்பேற்று நடத்துகிறேன் என்றேன். அதுவரை மூன்று வருடங்களாக நான் சங்கத்துக்கு ஆற்றிவந்த அரும்பணி, பேப்பர் தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டுவது. சாம்பார் ஊற்றும் பொறுப்புகூட வேறொருவருடையது. அதற்கு அனுபவம் வேண்டுமாம்.

எங்கள் கோடை விழாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளியே ஜூலை மாத வெயில் பொன்னாகக் காய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் முந்நூறு பேர் ஜன்னலே இல்லாத அரங்கத்துக்குள் ஏசி குளிரில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து கோடையைக் கொண்டாடுவோம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர் உரை, முன்னிலை வகிக்க முடியாமல் போனவரின் வாழ்த்துச் செய்தி, எல்லோருக்கும் பொன்னாடை. முதல் பாட்டு தொடங்கும்போது குழந்தைகள் எல்லாம் தூங்கியிருக்கும். முன்வரிசை நான்கிலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். கைப்பைகள், துப்பட்டாக்கள், ஒற்றைச் செருப்புகள் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை குழந்தை இல்லாத கார் சீட் ஒன்று முதல் வரிசையில் அமர்ந்து முழு நிகழ்ச்சியையும் கேட்டது. அதன் சொந்தக்காரர்கள் நன்றியுரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் மாற்று யோசனை சொன்னதற்குக் காரணம் இங்கிலாந்து. நியூ ஜெர்சிக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் லீட்ஸில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை பார்த்தேன். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த பெண்கள், "மியூசிக் ஃபெஸ்டிவலுக்கு வர்றியா?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போனதே என்னோடுதான் தொடக்கம். அப்படிப்பட்டவள் இங்கிலாந்தில் இசை விழாவுக்கு அழைக்கப்பட்டால் எப்படிப் போவாள்? பட்டுக்கரை வைத்த சல்வாரும், ஹீல்ஸ் வைத்த புதுச் செருப்புமாகப் போய் இறங்கினேன்.

அது ஒரு மாட்டுப் பண்ணை. மூன்று நாளும் மழை. என் வலது செருப்பை முதல் பத்து நிமிடத்தில் சேறு வாங்கிக்கொண்டது. இன்றுவரை திருப்பித் தரவில்லை. பக்கத்துக் கூடாரத்துக் கிழவி ஒருத்தி இரண்டு பாலித்தீன் பைகளை என் காலில் கட்டிவிட்டு, "லவ்லி வெதர்" என்றாள். கேலி என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். மனதாரத்தான் சொல்லியிருந்தாள்.

ஆங்கிலேயர்களுக்கு இசை விழா என்பது ஒரு நேர்த்திக்கடன் என்று அங்கேதான் புரிந்தது. எவ்வளவு கஷ்டப்படுகிறார்களோ அவ்வளவு பலன். கூடாரம் ஒழுக வேண்டும், கழிப்பறை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், அப்புறம் அதை வருடம் முழுக்க ஆபீசில் சொல்லிப் பெருமைப்பட வேண்டும். வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் "சாரி" என்பார்கள். நம் ஊரில் அதற்கு ஈடான வார்த்தைகளை அச்சில் போட முடியாது. மேடையில் பாடியவன் கூட்டத்தைப் பார்த்து, "எவ்வளவு அசிங்கமா இருக்கீங்க எல்லாரும்!" என்றான். கூட்டம் பூரித்துப்போய்க் கத்தியது.

ஞாயிறு இரவு வாப்பாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஏளா, பாட்டு கேக்க மூணு நாளு சேத்துலயா கெடந்த? நாத்தாவது நட்டியா?" என்றார்.

ஆனாலும் அந்தச் சேற்றில் எனக்கு ஒன்று பிடித்திருந்தது. அங்கே யாருக்கும் முன்வரிசை கிடையாது. பெரிய கார்க்காரரும் நானும் ஒரே சேற்றில் நின்றோம். யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. அந்த ஈரத்தில் போர்த்தியிருந்தால் உபயோகமாகக்கூட இருந்திருக்கும்.

இதையெல்லாம் சமோசா ஆறும்வரை பேஸ்மென்ட்டில் சொன்னேன். அங்கிள் கடைசியில், "சரி. இந்த ஊர்ல அப்படி ஒண்ணு நடந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டு. பாத்துட்டு டிசைட் பண்றோம். சரியா வரலைன்னா பேசாம இட்லிய கவனி, ஓகேயா?" என்றார்.

ஆக, விழா என் கைக்கு வருமா, இட்லிக் கரண்டி என் கையில் நிலைக்குமா என்பது ஒரு சனிக்கிழமையின் கையில் இருந்தது.

ஜூன் மாதத்தில் தெற்கு ஜெர்சிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஒருநாள் இசை விழா. அங்கிள், ஆன்ட்டி, பதினைந்து வயதான அவர்கள் மகள், நான் என நாலு பேருக்கும் புல்வெளி டிக்கெட் வாங்கி பிரிண்ட் எடுத்தேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த பதினாலு விதிகளையும் படித்தேன். எனக்கு அது பழக்கம். எட்டு வயதிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் ரேஷன் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொன்னவள் நான்தான். பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்.

"அங்கிள், வெளிச்சாப்பாடு உள்ள விட மாட்டாங்க. இடம் பிடிச்சு வைக்கக் கூடாது. ஒருதடவ வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது."

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்கம்மா. லீகல் டிபார்ட்மென்ட்டுக்காக." அங்கிள் மிகப் பெரிய கல்லூரியில் படித்தவர். பெரிய கல்லூரியில் பின்பக்கம் பாடத்திட்டத்திலேயே இல்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை அவர்கள் மினிவேனின் பின்கதவு திறந்தது. எலுமிச்சை சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பெரிய கூலர் ஒன்று, இவற்றோடு ஆறு பவானி ஜமக்காளம்.

"ஆறு எதுக்கு ஆன்ட்டி?"

"எடிசன்ல இருந்து நாலு ஃபேமிலி லேட்டா வர்றாங்கம்மா. நாமதானே இடம் பிடிக்கணும்?"

அமெரிக்க இசை விழா சேற்றில் நடப்பதில்லை. அது கார் நிறுத்துமிடத்தில் தொடங்குகிறது. அரை மைலுக்கு கார், ஒவ்வொரு காரின் பின்னாலும் மடக்கு நாற்காலி, நாற்காலியின் கையில் கோப்பை வைக்க ஓட்டை, அடுப்பில் வாட்டும் இறைச்சி. இங்கிலாந்துக்காரன் கஷ்டப்படுவதற்காகப் போகிறான் என்றால், அமெரிக்கன் தன் வீட்டு ஹாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஒலிபெருக்கி தண்ணீர் குடிக்கச் சொன்னது, சன்ஸ்கிரீன் பூசச் சொன்னது. வாப்பா, உம்மாகூட என்னை அவ்வளவு கண்காணித்ததில்லை. மேடையேறிய ஒவ்வொரு குழுவும் "நியூ ஜெர்சீ!" என்று அலறியது. தங்கள் மாநிலத்தின் பெயர் சரிதான் என்று தெரிந்துகொண்ட மகிழ்ச்சியில் ஜனங்கள் திருப்பி அலறினார்கள். "இதுவரை பார்த்ததிலேயே நீங்கள்தான் சிறந்த கூட்டம்" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நேற்றுப் பக்கத்து மாநிலத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

வாசலில் இருந்தவர் கூலரைத் திறந்து பார்த்துவிட்டு, "இல்லை மேம்" என்றார். ஆன்ட்டி அவரிடம் எலுமிச்சை சாதத்தின் மருத்துவ குணங்களை விளக்கினார். அவர் புன்னகையோடு மறுபடியும் "இல்லை மேம்" என்றார். சாப்பாடு காருக்குத் திரும்பியது. ஜமக்காளம் மட்டும் உள்ளே வந்தது.

மேடைக்கு நேர் எதிரே நல்ல இடமாகப் பார்த்து ஆறையும் விரித்தோம். மூலைக்கு ஒன்றாக எங்கள் செருப்புகளை வைத்தார் அங்கிள். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டார்கள். பசி வந்தது. உள்ளே விற்ற பண்டங்களில் பன்றி இல்லாதது எது, மாடு இல்லாதது எது என்று பார்த்து, மிஞ்சிய ஐஸைச் சாப்பிட ஆன்ட்டிக்கு மனம் வரவில்லை.

"கார்ல போய் சாப்ட்டுட்டு ஓடி வந்துர்றோம். நீங்க ரெண்டு பேரும் இடத்த பாத்துக்கங்க," என்று இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

திரும்ப விட மாட்டார்கள் என்பதை வீட்டில் ஒருமுறை சொல்லியிருந்தேன். காரில் ஒருமுறை. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகையே இருந்தது. மூன்றாவது முறை சொல்லியிருக்கலாம்தான். நான் சொல்லவில்லை.

இருபது நிமிடம் கழித்து மகளின் போன் அடித்தது. பேசிவிட்டு, "அக்கா, தே காண்ட் கம் பேக் இன். லைக், எவர்," என்றாள். துக்கம் எதுவும் தெரியவில்லை.

இப்போது நானும் அவளும் ஒரு கல்யாண மண்டபத்து அளவு வெற்று ஜமக்காளத்துக்குக் காவல். சுற்றிலும் இடமில்லாமல் ஜனங்கள் நின்றார்கள். தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர் வந்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். நாலு குடும்பம் என்றேன். "பெரிய குடும்பம்!" என்று மரியாதையோடு விலகி நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். இடுப்பில் ஒரு குழந்தை வேறு.

எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கார் சீட் ஞாபகம் வந்தது. இத்தனை பேசிவிட்டு நானே கைப்பையாகவும் துப்பட்டாவாகவும் ஆகிவிட்டேன் என்று உறைத்தது. எழுந்து போய் அவரை உட்காரச் சொன்னேன்.

அவர் உட்காருவதற்கு முன் மூலையில் இருந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தார். தன் காலணிகளைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். அவர் மனைவியும் கழற்றினார். அடுத்து வந்தவர்களும் கழற்றினார்கள். கால் மணி நேரத்தில் இருபத்தைந்து அமெரிக்கர்கள் வெறுங்காலோடு பவானி ஜமக்காளத்தில் சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் குனிந்து, இது எங்கள் சமயத்தில் ஏதாவது விசேஷமா என்று கிசுகிசுத்தாள். ஆமாம், கோடை விழா என்றேன். பெருமையாக இருந்தது. இங்கிலாந்துச் சேறும் அமெரிக்க சௌகரியமும் செய்ய முடியாததை ஆறு ஜமக்காளம் செய்துவிட்டது.

எடிசன் குடும்பங்கள் கடைசிவரை வரவில்லை. அன்றைக்கு ஒருவர் வீட்டில் பூஜை என்பது கிளம்பும்போதுதான் நினைவுக்கு வந்ததாம்.

அந்தி சாய்ந்து நாங்கள் வெளியே வந்தபோது அங்கிள் முன்பின் தெரியாத ஒருவருடைய மடக்கு நாற்காலியில், வாட்டிய சோளத்தோடு சாய்ந்திருந்தார். அந்த நாற்காலியின் சொந்தக்காரர் நின்றபடி ஆன்ட்டியின் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கிங் லாட்ல சூப்பரா கேட்டுச்சும்மா!" என்றார் அங்கிள். "காத்து, சாப்பாடு, பாட்டு... ஒரே ஒரு குறை. சீஃப் கெஸ்ட்டே இல்ல."

ஜெயித்துவிட்டேன் என்று வீடுவரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே பேஸ்மென்ட், அதே சமோசா. அங்கிள் எழுந்து, "நான் இத பத்தி ஒரு ஸ்டடி பண்ணேன்" என்று ஆரம்பித்தார். இந்த வருடம் விழாவைப் பூங்காவில் வைக்கலாம் என்பது அவருடைய ஆய்வின் முடிவு. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆராய்ச்சிக்கு மரியாதை தர வேண்டுமல்லவா.

"பொறுப்ப நம்ம ட்ரெஷரர் எடுத்துக்கட்டும். லீடர்ஷிப்புக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் வேணும்ல? நீ எப்பவும் போல..."

"இட்லி," என்றேன்.

"அதேதான்! பார்க்குக்கு யாராவது ஒருத்தர் பர்மிட் அப்ளை பண்ணணுமே?"

"பண்ணியாச்சு அங்கிள்."

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே வெஸ்ட் வின்ட்சர் பூங்காவுக்கான விண்ணப்பத்தை வாங்கி, ஒன்பது பக்கத்தையும் பின்பக்கத்தோடு படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அதனால் நான் கையெழுத்தை நிதானமாக, முழுப் பெயரும் தெரியும்படி போடுவேன். கையெழுத்திட்டவரே நிகழ்ச்சிக்கு முழுப் பொறுப்பு, அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது என்பது ஏழாம் பக்கத்து விதி. ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கான அனுமதி என் கைப்பையில் இருந்தது. வருகிறவர்களுக்கான என்னுடைய விதிகளையும் ஒரு தாளில் அடித்துக்கொண்டு போயிருந்தேன். இடம் பிடிக்கக் கூடாது. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே போய்த் திரும்ப உள்ளே வரலாம்.

அங்கிள் அனுமதித் தாளை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் பார்க்க முதல்முறையாக, ஒரு தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். உணவுப் பிரிவுக்கு யார் பொறுப்பு என்று அங்கே ஒரு கட்டம் உண்டு. அதில், செவ்வாய்க்கிழமையே விண்ணப்பத்தில் நான் எழுதிக் கொடுத்தபடி, ட்ரெஷரரின் பெயர் இருந்தது.