தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கத்துக்கு நான்கு காந்தப் படலங்களோடு

காந்த அளவீட்டுக் கருவியில் நேரம் கிடைக்க மூன்று மாதம் காத்திருந்தேன். போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது, காலை பத்தரை முதல் ஒன்றரை வரை. ஆராய்ச்சி அத்தியாயத்தை ஒப்படைக்க ஒரு வாரமே பாக்கி. உங்களில் யாராவது இதுபோல மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தால் இந்தப் பதிவு உதவும்.

தாம்பரத்தில் 9.05 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். வண்டலூரில் கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. மடியில் ஒரு மாத்திரை டப்பா. அதன் நான்கு அறைகளில் விரல்நகம் அளவு சிலிக்கன் சில்லுகள். ஒவ்வொன்றின் மேலும் பிளாட்டினத்துக்கு நடுவே கோபால்ட் படலம், நான்கும் நான்கு தடிமன். சாதாரணமாக இத்தகைய படலத்தின் காந்தத் திசை பரப்போடு படுத்திருக்கும். கோபால்ட்டைச் சில அணு அடுக்குகளாக மெலிதாக்கினால், இரண்டு உலோகமும் தொடும் எல்லையே அந்தத் திசையை நிமிர்த்திவிடும். மெலிய மெலிய இன்னும் நன்றாக நிமிரும் என்பதுதான் என் அத்தியாயம்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ, இரண்டரை கிலோமீட்டர், எண்பது ரூபாய். வழியில் குறுக்கே எருமை. ஆட்டோக்கார அண்ணா பிரேக் போட்டார், டப்பா தெறித்துத் திறந்து சில்லுகள் சிதறின.

"பேஜாரா பூச்சே மேடம்! இன்னா கீது அதுல, கண்ணாடியா?"

"இல்லண்ணா, மேல உலோகம் பூசினது. எட்டு மாச வேலை."

"இரு, ஓரங்கட்டிக்கிறேன். எங்கயும் பூடாது."

நாலாவது சில்லைக் கால்மிதிக்குக் கீழிருந்து அவர்தான் தேடிக் கொடுத்தார். உடையவில்லை. ஆனால் எண்களை நான் அறைகளின் மேல்தான் எழுதியிருந்தேன், சில்லுகளில் இல்லை. கையிலிருந்தவை ஒரே மாதிரி மின்னும் நான்கு சில்லுகள்.

ஆய்வகத்தில் கருவியை இயக்கும் ஜெசிந்தா அக்கா பதறவில்லை. "மெலிசுதானே நல்லா நிமிர்ந்து நிக்கும்? அளந்துட்டு அந்த வரிசையில ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுக்கோம்மா."

தாளில் '1' என்று எழுதியும்விட்டேன். பிறகுதான் உறைத்தது.

"அக்கா, அதை நிரூபிக்கத்தானே நான் வந்திருக்கேன்?"

அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "அப்போ எக்ஸ்-ரேக்கு எழுதிக் குடு. ஒன்பது நாள் ஆகும், பரவாயில்லையா?"

எக்ஸ்-கதிரைச் சாய்வாகப் பாய்ச்சி, அது தெறிக்கும் விதத்தை வைத்துத் தடிமனை அறியும் முறை அது. காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுதிக் கொடுத்தேன். நான்கையும் அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டு அளந்து, எக்ஸ்-ரேக்கு அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். கெடு தவறும் என்று சொன்னபோது என் வழிகாட்டி முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. நன்றாக நிமிர்ந்து நின்றது மிக மெலிந்த படலம் அல்ல, அதற்கு அடுத்தது. அத்தனை மெலிதாகும்போது கோபால்ட் முழுதாகப் படராமல், எல்லை குழம்பியிருக்க வேண்டும். அன்று வரிசைப்படி எண் போட்டிருந்தால் இரண்டு சில்லுகள் இடம் மாறியிருக்கும். என் அத்தியாயம் அழகாக, பொய்யாக முடிந்திருக்கும்.

கிளம்புபவர்களுக்கு: சில்லின் முதுகிலேயே எண்ணைக் கீறிவிடுங்கள். ஒன்பது மணி ரயில் போதும். கருவி நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை நாள் விட்டுவையுங்கள். முடிவு நீங்கள் நினைத்தபடியே வந்தால், ஊர் திரும்புமுன் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.