சுவரில் ஏறிய மஞ்சள் நூல்

புது நூல் கட்டையப் பிரிச்சதும் லேசா ஒரு கஞ்சி வாசம் வருமே... அந்த வாசம் வந்தா எனக்கு இன்னைக்கும் அந்தக் கண்டி ஆபீஸ் ரூம்தான் ஞாபகம் வருது.

தையல் கடை இல்லைங்க. சுகாதார ஆய்வு செய்ற ஒரு சின்ன ஆபீஸ்.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். அதுக்குள்ள ஒரு காய்ச்சலும் பரவ ஆரம்பிச்சிருச்சு. கூட்டம் சேராதீங்க, பயணத்தக் குறைங்கன்னு ஸ்பீக்கர் கட்டின வேன் ஒண்ணு டவுன் நடுவுல இருக்கிற வாவி, அந்த ஏரியச் சுத்திச் சுத்தி வரும். சனம் நெசமாவே குறைச்சிச்சா? எங்க போறத விட்டுச்சு? அதக் கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலை.

வீடு வீடா போய் ரெண்டே கேள்வி. காய்ச்சலுக்கு முந்தி எங்கெங்க போவீங்க? இப்ப எங்கெங்க போறீங்க?

ஆபீஸ் சுவர்ல ஒரு பலகை, அதுல பெரிய மேப். வீடு இருக்கிற எடத்துல ஒரு குண்டூசி, போற எடத்துல ஒண்ணு, நடுவுல நூல். முந்திக்கு சிவப்பு, இப்பவுக்கு பச்சை. அதச் சரிபாத்த பிறகுதான் ஆபீஸ நடத்தின சிங்கள மேடம் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. ஏசியும் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான்... நமக்கில்ல.

எனக்கு அந்த வேலை மேல ஒரு கிறுக்கே இருந்துச்சு. ஒரு டவுனே எங்க போகுது, ஏன் போகுதுன்னு நூல்ல பாக்கலாம்னா சும்மாவா?

அம்பிட்டிய பக்கம் சிங்கள வீடுகள என்கூட வேலை செஞ்ச நிரோஷா பாத்தா. அதே ரோட்டுத் தமிழ் வீடுகள் எனக்கு. அவளோட சிவப்பு நூல் எல்லாம் நீளநீளமா, பச்சை குட்டையா இருந்துச்சு. காய்ச்சல் ஆளுகள வீட்டுல உக்கார வச்சது பாத்த ஒடனே தெரிஞ்சுச்சு.

என் வீடுகள்ல சிவப்பும் பச்சையும் ஒரே நீளம்.

மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க. "வீடுகளுக்குப் போகாம நீ தங்கியிருக்கிற போர்டிங்ல இருந்தே எழுதினியா?" இங்கிலீஷ்ல கேட்டாங்க, ஆனா சுட்டது எனக்குத் தமிழ்லதான். என் வீடுகள மேப்ல இருந்து எடுத்துருவாங்களாம். மாசக் கடைசியோட என்னையும்.

அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு.

எல்லாரும் சாப்பிடப் போனதும் பலகை முன்னாடி நின்னேன். எங்கதான் தப்புன்னு பாக்க என் பேருக்கும் மேப்ல ஊசி குத்திப் பாத்தேன். போர்டிங்ல ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு. சிவப்பு கட்டினேன், பச்சை கட்டினேன். ரெண்டும் ஒரே நீளம்.

எங்க ஊர் ஹேவாஹெட்டக்கு நூலே இல்ல. அங்கதான் எங்க அம்மா இருந்தாங்க... செக்பொயின்ற்ல பஸ்ஸ மறிச்சுத் தமிழாளுகள மட்டும் எறக்கி நிக்க வைக்கத் தொடங்கினதுல இருந்து நான் ஊருக்குப் போகல. காய்ச்சல் வந்தது அதுக்கெல்லாம் பிறகு; சிவப்பு நூல் கட்டுறதுக்கு முந்தியே நாங்க போறத விட்டிருந்தோம்.

அன்னைக்கே மேடத்தக் கையோட கூட்டிக்கிட்டு என் வீடுகள்ல ஒண்ணான ராஜி அன்ரி வீட்டுக்குப் போனேன். அன்ரி யாழ்ப்பாணத்து ஆள், கண்டியில தபால் கந்தோர்ல வேலை. அடையாள அட்டையில பிறந்த எடம் யாழ்ப்பாணம்னு இருக்கும். அந்தக் காலத்துல சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்க அது போதும்.

"அன்ரி, காய்ச்சல விடுங்க. பயமில்லாம இருந்த காலத்துல எங்கெல்லாம் போவீங்க?"

அன்ரி கதிரைய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. பிறகு சொல்லத் தொடங்கினாங்க. ஞாயித்துக்கிழமை தெல்தெனியாவுக்குத் தங்கச்சி வீட்டுக்கு. பின்னேரம் வாவிக்கரையில நடை. லீவுக்குப் பொல்கஹவெலையில ரயில் மாறி யாழ்ப்பாணம்... மேடத்துக்கு விளங்கணும்னு எல்லாத்தையும் சிங்களத்துல சொன்னவங்க, கடைசியா என் பக்கம் திரும்பித் தமிழ்ல சொன்னாங்க.

"செக்பொயின்ற்ல எல்லாம் எங்க போறாய் எண்டுதான் பிள்ளை கேப்பினம். எங்க போகாமல் விட்டனீ எண்டு இண்டைக்குத்தான் ஒராள் கேட்டிருக்கு."

மேடம் அதையும் என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். திரும்பி வர்ற வழியில அவங்க கடைத்தெருவுல நின்னு ஒரு மஞ்சள் நூல் கட்டை வாங்கினாங்க.

தெல்தெனியா மேப்புக்குள்ள இருந்துச்சு. யாழ்ப்பாணம் எங்க இருக்கு? மேடமே ஸ்டூல் மேல ஏறி, பலகையத் தாண்டிச் சுவர்ல ஆணி அடிச்சு அந்த நூலக் கட்டினாங்க. என் நூல நான் ஹேவாஹெட்டக்குக் கட்டினேன்.

என் வீடுகள எடுக்கல. வேலையும் போகல. மத்தத் தமிழ் வீடுகளுக்கும் மூணாவது கேள்வியோட திரும்பப் போனேன்.

இப்பப் பாருங்க... கொரோனா நேரம் என் மக லேப்டாப்ல காட்டினா. யார் எவ்வளவு தூரம் போறாங்கன்னு போனே சொல்லிருதாம், நாடு பூரா கலர் கலரா மேப். வாயத் தொறந்து பாத்துக்கிட்டிருந்தேன். "முந்தின்னு எத வச்சுப் பாக்குறாங்க?"ன்னு கேட்டேன். "கொரோனா வர்றதுக்கு முன்னாடி சில வாரம்மா. நோர்மல் டைம்." நோர்மல்... அந்தச் சொல்லுதான் கொஞ்ச நேரம் மனசுல நின்னுச்சு.

அன்னைக்கு ராஜி அன்ரிக்குப் போன் போட்டேன். இப்ப தெல்தெனியாவுல தங்கச்சியோடதான் இருக்காங்க. ஊரடங்கு போட்டு வாரக்கணக்காச்சு.

"வெளிய போக முடியாம கஷ்டமா இருக்கா அன்ரி?"

"கஷ்டம் என்ன பிள்ளை..." சிரிச்சாங்க. "இந்த முறை எல்லாரும்தானே வீட்டுக்குள்ள."