கேன் மூடியின் சிவப்பு

பெயின்ட் கடையில் அவருக்குக் கலர்க்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு, திரைச்சீலை ஓரத்தில் வெட்டிய துண்டு, ஒருமுறை ஒரு பெண்மணி கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த பாதி தின்ற பேரிக்காய் என்று எதை நீட்டினாலும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு கலக்கும் மெஷினில் எண்ணைத் தட்டுவார். மெஷின் தன் வேலையை முடித்ததும் குச்சியால் தொட்டு அட்டையில் இழுத்து, "கொஞ்சம் கறுப்பு கேக்குது" என்று ஒரு சொட்டு விடுவார். சுவரும் சில்லும் ஒட்டிப்பிறந்தவைபோல ஆகிவிடும்.

வெறும் சிவப்பு என்று ஒரு நிறமே கிடையாது என்பது அவர் கட்சி. மிளகாய்ச் சிவப்பு உண்டு, செங்கல் சிவப்பு உண்டு, கோபம் வந்தால் பெண்டாட்டியின் மூக்கு நுனியில் ஏறும் சிவப்பு உண்டு. "அதுக்கு மட்டும் இன்னும் நம்பர் கண்டுபிடிக்கல" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அந்த நிறம் மறுபடி ஏறும்.

முதல் தப்பு ஒரு இரும்புக் கேட்டில் நடந்தது. கருஞ்சிவப்பு கேட்டவர் நாலாம் நாள் டப்பாவோடு திரும்பி வந்தார். "புதுசா பெயின்ட் அடிச்ச கேட்டைப் பாத்து, ஏன் இப்படித் துருப்பிடிச்சிருக்குன்னு எல்லாரும் துக்கம் விசாரிக்கறாங்க" என்றார். கடையே சிரித்தது. கலர்க்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். அட்டையில் இருந்த கருஞ்சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இடது கண்ணைக் கசக்கிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தபோதுதான் அப்படி. வலதை மூடிப் பார்த்தால் துரு. சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார்.

வலது கண்ணை உருட்டினால் பின்னாலிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல வலித்தது. மனைவி கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நரம்பில் வீக்கம் என்றார், மாத்திரை கொடுத்தார். பார்வை பாதி திரும்பியது. கண் விஷயம் மனைவியின் பொறுப்பு என்று வீட்டில் தானாகவே ஆகிவிட்டது.

அடுத்த வருஷம் முதுகு. நெஞ்சுக்குக் கீழே பெல்ட்டைப் போட்டு இறுக்கியதுபோல ஒரு பிடி. வாயு என்று நினைத்தார். பிறகு ஒரு நாள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று காலுக்கும் தெரியவில்லை. மனைவியின் அண்ணன் வேன் ஓட்டுகிறவர். ஊரில் எந்தச் சந்தில் எந்த டாக்டர் என்பது அவருக்கு அத்துப்படி. முதுகு அவர் பொறுப்பாயிற்று. எலும்பு டாக்டர் டிஸ்க் என்றார், படுக்கச் சொன்னார், இடுப்புக்கு ஒரு பட்டை கொடுத்தார்.

"போன வருஷம் கண்ணு வலிச்சதையும் சொல்லிடலாமா அண்ணே?" என்று மனைவி கேட்டாள்.

"எலும்பு டாக்டர்கிட்ட கண்ணைப் பத்திப் பேசினா, நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்னு கேப்பார். சும்மா இரு. மாப்ளைக்கு முதுகுதானே? முதுகை மட்டும் சொல்லுவோம்."

மரியாதை தெரிந்த குடும்பம். கண் டாக்டரிடம் கண்ணை மட்டும் சொன்னார்கள், எலும்பு டாக்டரிடம் முதுகை மட்டும் சொன்னார்கள். நடுவில் இருந்த மனிதர் படுத்துக் கிடந்தார்.

சிறுநீர் இறங்காமல், கால்கள் இரண்டும் இரவல் வாங்கியவைபோல ஆன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு பெண் டாக்டர் அவர் வயிற்றில் பஞ்சால் கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டே வந்தார். தொப்புளைத் தாண்டி வெகுதூரம் வரை பஞ்சு வந்த சேதியே அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணு மங்கிச்சா?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணு தனி, முதுகு தனின்னு நினைச்சிட்டீங்க" என்றார் டாக்டர். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "கண்ணுக்குப் பின்னாடி ஒரு நரம்பு போகுது, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனா. முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் இறங்குது, உங்க சுண்டுவிரல் தடிமன். ரெண்டுமே மூளையிலேருந்து நீண்டு வந்ததுதான். ஒரே வீட்டு ஆளுங்க. உடம்பைக் காக்க வேண்டிய ரத்தமே அந்த ரெண்டையும் பகையாளின்னு நினைச்சு அடிக்குது."

"வேலியே பயிரை மேயுது" என்றார் அண்ணன், மெதுவாக.

"அதேதான்."

"அப்ப டிஸ்க்கு?"

"டிஸ்க்கு எலும்புக்கு நடுவில இருக்கற மெத்தை. மெத்தை நல்லாத்தான் இருக்கு. உள்ள போற தண்டுதான் போயிருக்கு." ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். சாம்பல் நிறத் தண்டுக்குள் தோள்களுக்கு நடுவிலிருந்து கீழே வெள்ளையாக ஒரு தீற்றல். தூரிகையை உதறினால் விழும் தீற்றல்தான்.

கலர்க்காரர் படுத்தபடியே கேட்டார்: "மேல்கோட் போச்சுன்னா இன்னொரு கோட் அடிக்க முடியாதாம்மா?"

டாக்டர் லேசாகச் சிரித்தார். "நரம்பு மேல இருக்கற உறை கொஞ்சம் திரும்ப வரும். உள்ள இருக்கற இழையே செத்துட்டா வராது. கையில நரம்பு அறுந்தா மெல்ல வளரும். இந்த வீட்டு ஆளுங்க வளர மாட்டாங்க. போனது போனதுதான். இனிமே போகாமப் பாத்துக்கணும்."

கால்கள் அவ்வளவாகத் திரும்பவில்லை. நாலுகால் கம்பியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து குளியலறைவரை போவார், வருவார். அதற்குள் ஒரு ஊர் சுற்றிவந்த களைப்பு. இன்னொரு தாக்குதலில் வலது கண் முழுதாக அணைந்தது. மிச்சம் இடது. கடை முதலாளி ஒருமுறை வந்து பழங்கள் வைத்துவிட்டு, மெஷினே இப்போது நன்றாகக் கலக்குகிறது என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் மனைவிக்கு ஒரு வேலை சொல்லியிருந்தார். தினமும் காலையில் சிவப்பாக ஏதாவது ஒன்றை இடது கண்ணுக்குக் காட்ட வேண்டும். "சிவப்புதான் முதல்ல வெளிறும். நேத்து மாதிரியே பளிச்சுன்னு இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா அன்னைக்கே வாங்க. உடனே மருந்து ஏத்தினா கண்ணைக் காப்பாத்தப் பாக்கலாம். தள்ளிப்போட்டா என் கையில இல்ல."

வீட்டில் பளிச்சென்ற சிவப்பு சமையல் எண்ணெய்க் கேனின் மூடிதான். அது படுக்கையறை ஜன்னலுக்கு வந்துவிட்டது. கேன் வாயில் பிளாஸ்டிக் தாளும் ரப்பர் வளையமும் ஏறின. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி மூடியை எடுத்து நீட்டுவாள்.

"என்ன கலர்?"

டாக்டர் சொன்ன கேள்வி அதுவல்ல. ஆனால் வாழ்நாளெல்லாம் எல்லாருக்கும் நிறம் சொன்ன மனிதரிடம் வேறு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ ஒரு சேலை கட்டியிருந்தியே, அதோட சித்தப்பா பையன்."

"காலங்காத்தால கொழுப்பைப் பாரு." மூடி ஜன்னலுக்குப் போகும். அவள் வேலைக்குப் போவாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற சலவைக்கூடம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கெல்லாம் அவள் லீவு போட்டிருந்தாள். திரும்பிப் போனபோது மேற்பார்வையாளர் அன்பாகத்தான் சொன்னாராம்: "இன்னொரு தடவை லீவுன்னா அப்படியே வீட்லயே இருந்துக்கங்கம்மா. வேற ஆள் பாத்துக்கறோம்." இந்த வீட்டில் வேலைக்குப் போகிற கால்கள் இப்போது அவளுடையவை மட்டும்தான்.

அவள் திரும்பிப் போன அதே வாரத்தில் ஒரு காலை மூடியின் சிவப்பு கொஞ்சம் காய்ந்திருந்தது. தக்காளியில் ஒரு துளி சாம்பல். யாருக்கும் தெரியாத வித்தியாசம்; அவருக்குக் கண்ணைக் குத்துகிற வித்தியாசம்.

"என்ன கலர்?"

"சிவப்பு" என்றார்.

பொய் இல்லை. செங்கலும் சிவப்பு வகைதானே. மேகமூட்டமாக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். மறுநாள் வெயில் அடித்தது, மூடி இன்னும் காய்ந்தது. கண்ணை உருட்டினால் பின்னால் நூல் இழுத்தது. அதனால் உருட்டவில்லை, எதைப் பார்ப்பதானாலும் முழுத் தலையையும் திருப்பினார். "என்ன, ராஜா மாதிரி திரும்புறீங்க" என்றாள் அவள். இந்த வேலை நிலைக்கட்டும், இந்த மாசச் சம்பளம் வரட்டும், அப்புறம் சொல்லலாம். தானாகவே சரியாகிவிட்டால் சொல்லவே வேண்டாம். தினமும் காலையில் "சிவப்பு." அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள், மனுஷன் கிண்டலை விட்டுவிட்டு ஒழுங்காகப் பதில் சொல்கிறார் என்று அண்ணனிடம்கூடச் சொன்னாள்.

அவளுக்கு விடுமுறை நாளில் அண்ணன் வந்தார். வாசலில் ஹாரன் முழங்கியது.

"மாப்ளே, ஜன்னல் வழியாப் பாருங்க. வேனுக்குப் புதுப் பெயின்ட். நீங்க சர்டிபிகேட் குடுத்தாத்தான் ரோட்ல இறக்குவேன். எப்படி கலர்?"

கலர்க்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் வேன் நின்றது. கேட்கிறவர் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று மனமாரச் சொன்னார்: "நல்ல பிரவுன் மச்சான். அழுக்குத் தெரியாது. உங்களுக்கு ஏத்தது."

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "படுத்தாலும் குசும்பு போகல பாரு! தீயணைப்பு வண்டின்னு நினைச்சு எல்லாரும் வழி விடறாங்க, இவர் பிரவுன்னு..."

டீ கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலில் இருந்த மூடியை எடுத்தாள். அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது?"

"சிவப்பு."

"என்ன சிவப்பு?"

அவர் அவள் மூக்கு நுனியைப் பார்த்தார். அங்கே என்ன ஏறியிருக்கிறது என்று தெரியவில்லை. முகம் முழுக்க ஒரே காய்ந்த மண்.

"எப்பலேருந்துங்க?"

"நீ வேலைக்குத் திரும்பிப் போனியே, அப்பலேருந்து."

அந்தப் புதுப் பெயின்ட் வேனில்தான் போனார்கள். வழியில் எல்லாரும் வழி விட்டார்கள்.

பெண் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா தினமும் காட்டினீங்களா?" என்று மனைவியைக் கேட்டார். காட்டினேன் என்றாள். கணவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்து உள்ளே விட்டார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தங்கியது. அதற்கு மேல் எதுவும் திரும்பவில்லை. அவள் பகலும் இரவும் கட்டிலருகே இருந்தாள். சலவைக்கூடத்தில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்காகச் சொல்லாம இருந்தேனோ, அதுவும் போச்சு" என்றார் ஒருநாள்.

"பேசாமப் படுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. குளியலறைப் பயணம் முடிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் வெளுப்பாக இருந்தது, அது ஜன்னல். வழக்கமான நேரம். செருப்புச் சத்தம் வந்தது, ஜன்னலருகே நின்றது. அவர் தன்னையறியாமல் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். சத்தம் அவர் பக்கம் வராமல் சமையலறைக்குத் திரும்பிப் போனது.

ரப்பர் வளையம் கழன்று அறைபடும் ஒலி. பிளாஸ்டிக் தாளைக் கசக்கும் ஒலி. பிறகு எண்ணெய்க் கேனில் மூடி திருகும் ஒலி.

"நல்லா இறுக்கி மூடு" என்றார். "எறும்பு வரும்."

"மூடிட்டேன்" என்றாள்.