முழுசாக இழுக்காத ஏரியல்

கானாடுகாத்தான் மெய்யநாதனைப் பயந்த சுபாவம் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் சைக்கிள் மணி அடித்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிற மனுஷன். காரைக்குடியில் மருந்துக் கடை வைத்திருந்தார். காக்கிச் சட்டை வந்து தலைவலி மாத்திரை கேட்டாலும் காசு வாங்காமலே கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்தப் பயம் அப்பா வழியில் வந்தது; அப்பாவை அவர் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்பச்சி ஞானசம்பந்தம் பினாங்கில் கடை வைத்திருந்தபோது ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தான். கடைக் கூரையில் ரேடியோ ஏரியல் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. யாருக்கடா சேதி அனுப்புகிறாய் என்று இழுத்துப்போய் அடித்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் அவர் வலது கை வாய்வரை எழவில்லை. மெய்யநாதன்தான் சோறு ஊட்டினார். "நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பிய மட்டும் வச்சுக்கிறாதப்பா" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார் அப்பச்சி.

அப்படிப்பட்ட ஆளுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது பாருங்கள், அதை என்னவென்று சொல்ல! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ரேடியோவால் ஓட்டுகிற விமானம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். பொம்மை என்றுதான் பேர். இறக்கை ஒரு ஆள் கைவிரித்த நீளம், மூக்கில் நிஜ இன்ஜின், முன்னால் சுற்றுகிற விசிறி விரலைத் துண்டாக்கிவிடும். அதை ஓட்டக் கையில் பிடிக்கிற பெட்டியில் கணுக்கணுவாக இழுத்து நீட்டுகிற ஏரியல்.

"அயித்தான், இதை முழுசா இழுத்துவிட்டுத்தான் ஓட்டணும். குட்டையா வச்சா சிக்னல் தூரத்துக்குப் போகாது" என்று மச்சினன் படித்துப் படித்துச் சொன்னான்.

மெய்யநாதன் இரண்டு கணுவுக்கு மேல் இழுக்கமாட்டார். முழுசாக இழுத்தால் தலைக்கு மேலே போய் வெயிலில் பளபளவென்று மின்னும். எவனாவது பார்த்து லைசென்ஸ் எங்கே, யாருக்குச் சேதி என்று கேட்டால்? இன்ஜின் ஊரையே கூப்பிடுகிற சத்தம் போடும், அதற்குப் பயமில்லை. கம்பிக்குத்தான் பயம். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேலேயே வட்டமடிக்கவிட்டு இறக்கிவிடுவார். கிட்டத்தில் பறக்கிறவரை குட்டைக் கம்பி போதுமானதாகத்தான் இருந்தது.

அந்த வைகாசிக் காலையில் காற்று கொஞ்சம் வேகம். விமானம் காற்றோடு நழுவிக் கரைப்பக்கம் போனது. பெட்டியில் இருந்த குச்சியைத் திருப்பினார். விமானம் திரும்பவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினார். அது தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கரைமேல் நாச்சியம்மை வந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வாயும் வயிறுமாக இருந்த மனைவி. தூக்குவாளியில் அவருக்குப் பலகாரம். விமானம் தாழ்ந்து அவளை நோக்கியே போனது.

ஏரியலை இழுக்கக் கை போனது. அதே நேரம் எதிர் மேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார் ஏட்டு மாயக்கண்ணன். போன கை அப்படியே நின்றது.

எவ்வளவு நேரம் என்றால் ஒரு மூச்சு இருக்கும். பாவி மனுஷா, இழுத்துத் தொலையேன்!

பிறகு இழுத்தார். முழுசும் வெளியே வந்ததும் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கி இறக்கையைச் சாய்த்தது. அந்த இறக்கை நாச்சியம்மையின் தோளைக் கீறி, தூக்குவாளியைத் தட்டிவிட்டு, கருவேல மரத்தில் போய்ச் சிதறியது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெய்யநாதன் ஓடினார். ஏட்டும் ஓடிவந்தார். பெட்டியையோ ஏரியலையோ ஏட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆச்சி, எங்கயும் அடி பட்டுச்சா? செட்டியாரே, தாங்கிப் பிடிங்க, இந்தா வண்டி கொண்டாரேன்" என்று சைக்கிளில் பறந்தார்.

நாச்சியம்மை வெகுநேரம் வயிற்றில் கைவைத்தபடி இருந்தாள். பிறகு, "அசையுது" என்றாள். மெய்யநாதன் வாய்விட்டு அழுதுவிட்டார்.

"நான் உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள் அவள். "அது என் மேல வருது. நீங்க அங்குட்டுத் திரும்பிப் போலீஸைப் பாத்தீக."

"எனக்குப் பயமாப் போச்சு, நாச்சி."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு" என்றாள் நாச்சியம்மை. "நான் பிள்ளையத்தான பிடிச்சேன்."