வரவேற்புத் தட்டத்தில் ஒரு பளிங்கு

கலாநிதி ஜெயந்தனுக்கு இரசாயனம் தெரியும் என்று தேனுகா ஒரு காலத்தில் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை போய்க் கனகாலம். அவருக்குத் தெரிந்தது பொன்னாடை. யாருக்கு எப்போது போர்த்துவது, தனக்கு யாரைக் கொண்டு போர்த்துவிப்பது என்பதில் மனிதர் மன்னன்.

கிளிநொச்சியில் அவர் நடத்திய தனியார் ஆய்வு நிலையத்தில் உண்மையாக வேலை செய்தவள் நெடுங்கேணிக்காரி தேனுகா ஒருத்திதான். ஈரம் சேராத அமோனியாவைக் கடுங்குளிரில் திரவமாக்கி, அதில் உலோக புளோரைட்டைப் போட்டு, கண்ணாடிக் குழாயை இறுக மூடி மாதக்கணக்கில் காத்திருப்பாள். சரிவந்தால் அமோனியா உலோகத்தோடு சேர்ந்து கற்கண்டுபோலப் பளிங்காகும். பெரும்பாலும் சரிவராது, நாற்றம்தான் மிஞ்சும். வீட்டுக்குப் போனால் அம்மா, "என்ன பிள்ளை, மாட்டுக்கொட்டில் கழுவிப்போட்டே வாறாய்?" என்று கேட்பாள்.

ஒருமுறை சரிவந்தது. நிறமில்லாத, விளிம்பு கூரான பளிங்குகள். கொழும்புக்குக் குளிரோடு கொண்டுபோய் எக்ஸ் கதிரில் வைத்தால், எந்த அணு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். அது தெரிந்தால் அவளுடைய ஆய்வுப் பட்டம் முடியும். குளிர் விட்டாலோ அமோனியா பறந்து பளிங்கு மாவாகிவிடும். இதை ஜெயந்தனிடம் அவள் சொல்லாத நாளில்லை. அவரும் தலையாட்டாத நாளில்லை.

புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவன்று குளிர்ப்பெட்டியில் குழாயைக் காணவில்லை. தேனுகா வாசலுக்கு ஓடினாள். வரவேற்பு மேசையில், சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் நடுவே, வெள்ளித் தட்டத்தில் அவளுடைய உழைப்பு வெள்ளை மாவாகக் கிடந்தது. பிரதம விருந்தினர் வழமைபோலப் பிந்திவிட்டார். வெயில் பிந்தவில்லை.

"சேர், இதை ஏன் வெளியில எடுத்தனீங்கள்?"

"பாலன் அண்ணைக்குக் காட்டத்தான். பெட்டிக்குள்ள கிடந்து ஆருக்குப் பிரயோசனம்?"

கனடாவிலிருந்து கட்டடத்துக்குக் காசு தந்த பிரதம விருந்தினர் பாலன் அப்போதுதான் மாலையோடு வந்தார். தட்டத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். மூன்று விரலால் மாவைத் தொட்டு நெற்றி நிறையப் பூசி, "சிவசிவா" என்றார். ஜெயந்தன் பார்த்துக்கொண்டே நின்றார். பிரதம விருந்தினரைத் திருத்துவது மரியாதை இல்லையாம்! பின்னால் நின்ற நிர்வாகக் குழுவும் தட்டத்துக்குக் கைநீட்டியது.

தேனுகாவுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. ஆனாலும் புளோரைட்டு கண்ணுக்குள் போனால் பொல்லாப்பு. தட்டத்தைப் பறித்தாள்.

"அது திருநீறில்லை, தொடாதேங்கோ! ஐயா, கண்ணை மூடிக்கொண்டு பைப்படிக்கு வாங்கோ!"

மாலையோடு அவரை இழுத்துப்போய் நெற்றியைக் கழுவிவிட்டாள். ஜெயந்தன் பல்லைக் கடித்தார்.

"சபையில என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்."

"இருந்தாத்தானே சேர் வாங்கிறதுக்கு."

அதன்பிறகு மேடையேறி, நம் மண்ணில் விளைந்த முதல் பளிங்கைப் பற்றி அவர் அரைமணி நேரம் முழங்கினார். சனம் கைதட்டியது. வெட்கம் கெட்ட கைதட்டல்.

தேனுகா முதலிலிருந்து தொடங்கினாள். அடுத்த மாரியில் பளிங்கு வந்தபோது மூச்சுக் காட்டவில்லை. தானே கொழும்புக்குக் கொண்டுபோனாள். கட்டமைப்பு கிடைத்தது. உலோக அணுவைச் சுற்றி அமோனியாவும் புளோரைட்டும் ஒழுங்காக நின்றன. பார்த்துப் பார்த்து, அன்றுதான் அழுதாள்.

பட்டம் கிடைத்த கிழமை ஜெயந்தன் பொன்னாடையோடு நெடுங்கேணிக்கே வந்துவிட்டார்.

"கெட்டிக்காரி! ஆனா நான் எத்தினை தரம் பெட்டியைத் துழாவினனான், ஒண்டையும் காணேல்லையே. எங்க வைச்சிருந்தனீர்?"

"மேல்தட்டிலதான் சேர், உங்கட கண்ணுக்கு முன்னால. குழாயில 'கழிவு' எண்டு எழுதி வைச்சனான்."